ஏ.எஸ்.சி. இழையைச் சோதனைக் குழாயில் கட்டுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் ஏ.எஸ்.சி. என்ற புரதத்தில் வேலை தொடங்குகிறவர்களிடமிருந்து முதல் மாதத்தில் வருவது பெரும்பாலும் ஒரே புகார்தான்: புரதம் நிறைய வருகிறது, ஆனால் கைக்கு வரும்போதே கட்டியாகிவிடுகிறது. அது பிழையல்ல, அந்தப் புரதத்தின் பிழைப்பே அதுதான். இழையாகக் கோத்துக்கொள்வதற்கென்றே அமைந்த மூலக்கூறு அது. இழை கட்டுவதற்கு நீங்கள் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் நேரம் வரை அதைத் தனித்தனியாக நிறுத்திவைப்பதில்தான் முக்கால் பங்கு உழைப்பும் போகும். மீதிக் கால் பங்கு, நுண்ணோக்கியில் படம் எடுத்த பிறகு திருகுச் சமச்சீரை, அதாவது மூலக்கூறுகள் எந்த ஏற்றத்திலும் திருப்பத்திலும் அடுக்கியிருக்கின்றன என்பதை, சரியாகக் கண்டுபிடிப்பது. இந்த இரண்டு இடங்களில்தான் தடுக்கி விழுவார்கள். மற்றவை எந்தப் புரத ஆய்வகத்திலும் நடக்கும் அன்றாட வேலை.

எதைக் கட்டப் போகிறோம்?

மனித ஏ.எஸ்.சி. 195 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம், சுமார் 22 கிலோடால்டன். முன்பகுதியில் பி.ஒய்.டி. என்ற பைரின் டொமைன் (டொமைன் என்றால் தனியாக மடிந்து நிற்கும் பகுதி), பின்பகுதியில் கார்ட் டொமைன், நடுவில் இருபது சொச்சம் அமினோ அமிலங்கள் நீளமுள்ள, வளைந்து கொடுக்கும் இணைப்பு. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எச்.எல்.-60 செல்களில் ஒற்றைப் புள்ளியாகத் திரளும் புரதமாக இதைக் கண்டார்கள். அந்தப் புள்ளிக்கு ஸ்பெக் என்று பெயர். ஒரு செல்லில் வழக்கமாக ஒன்றே ஒன்று, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் குறுக்களவு.

செல்லுக்குள் நடக்கும் வரிசை இது. என்.எல்.ஆர்.பி.3 அல்லது ஏ.ஐ.எம்.2 போன்ற உணரி, ஆபத்தை உணர்ந்ததும் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து தன் பி.ஒய்.டி.களை ஒரே இடத்தில் குவிக்கிறது. அந்தக் குவியல் விதையாகிறது. அதன்மேல் ஏ.எஸ்.சி.யின் பி.ஒய்.டி.கள் அடுக்கடுக்காக ஏறி இழையாகின்றன. இழைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்ட் பகுதிகள் காஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதியை அழைத்து அதன் கார்டையும் இழையாக்குகின்றன. நெருங்கி நிற்கும் காஸ்பேஸ்-1 மூலக்கூறுகள் ஒன்றையொன்று வெட்டி விழித்துக்கொள்கின்றன. பிறகு அழற்சிச் செய்தி சொல்லும் இன்டர்லூகின்-1 பீட்டா முதிர்கிறது, காஸ்டெர்மின் டி என்ற புரதம் வெட்டுப்பட்டுச் செல் சவ்வில் துளை விழுகிறது. அழற்சி தொடங்கிவிட்டது. இந்தக் கூட்டமைப்புக்கு இன்ஃப்ளமசோம் என்று 2002இல் பெயர் வைத்தது லோசானில் இருந்த யூர்க் சோப் குழு.

ஏ.எஸ்.சி. பி.ஒய்.டி. இழையின் உருவத்தை ஹாவ் வூ குழு 2014இல் மாதிரியைச் சட்டென்று உறையவைத்துப் பார்க்கும் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியால் 3.8 ஆங்ஸ்ட்ரம் (ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது நானோமீட்டரில் பத்தில் ஒன்று) நுணுக்கத்தில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு எலியின் ஏ.எஸ்.சி.க்கும் வந்தது, அச்சு அசலாக அதே கட்டமைப்பு. நடுவே ஓட்டையுள்ள குழல். வெளி விட்டம் சுமார் 90 ஆங்ஸ்ட்ரம், உள் விட்டம் சுமார் 20. முப்புரிக் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்: மூன்று புரிகள், ஒவ்வொரு மட்டத்திலும் மூன்று மூலக்கூறுகள் ஒரே உயரத்தில். ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு 14 ஆங்ஸ்ட்ரம் ஏற்றம், 53 டிகிரி திருப்பம், வலக்கைத் திருகு. (வலம்புரி என்று எழுதக் கை துறுதுறுக்கும், வேண்டாம். சங்கில் வலம்புரி என்று நாம் சொல்வது உயிரியலாரின் கணக்கில் இடக்கைச் சுருள். குழப்பம் உறுதி.)

இதிலிருந்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு மைக்ரோமீட்டர் இழையில் ஏறத்தாழ 2,140 மூலக்கூறுகள். 5 மைக்ரோமோலார் கரைசலில் 20 மைக்ரோலிட்டர் எடுத்தால், அதிலுள்ள புரதம் முழுதும் இழையானால் மொத்த நீளம் சுமார் 28 கிலோமீட்டர். நுண்ணோக்கியில் மாதிரியைத் தாங்கும் வலைமேல் இழைகள் சிக்குப் பிடித்துக் கிடப்பது ஏன் என்று பிறகு கேட்காதீர்கள்.

பி.ஒய்.டி.யில் ஆறு ஆல்ஃபா சுருள்கள். 1ஆவது, 4ஆவது சுருள்களின் முகத்தில் எதிர்மின்னூட்டம்: 13ஆவது குளுட்டமேட், 48ஆவது அஸ்பார்ட்டேட். 2ஆவது, 3ஆவது சுருள்களின் முகத்தில் நேர்மின்னூட்டம்: 21, 26ஆவது லைசின்கள், 41ஆவது ஆர்ஜினின். ஒரு மூலக்கூறின் நேர்முகம் அடுத்ததன் எதிர்முகத்தில் உட்கார, புரி நீள்கிறது. இதுதான் முதல் வகை இடைமுகம். இரண்டாம், மூன்றாம் வகை இடைமுகங்கள் பக்கத்துப் புரிகளைப் பிணைக்கின்றன. இந்த மின்னூட்டக் கதையை மனதில் வையுங்கள். உப்பு, பி.ஹெச்., மாற்றுரு என்று கீழே வரும் பாதி விஷயங்களுக்கு விளக்கம் இதில்தான் இருக்கிறது.

படி 1: கட்டுமானம்

பி.ஒய்.டி.யை மட்டும் ஈ.கோலையில் உற்பத்தி செய்தால் பாக்டீரியாவுக்குள்ளேயே இழையாகித் திரண்டுவிடும். அதற்குத் தடுப்பு எம்.பி.பி. என்ற மால்டோஸ் பிணைப்புப் புரதம். 42 கிலோடால்டன் எடையுள்ள இந்தப் பெரிய உருவம் பி.ஒய்.டி.யின் முன்முனையில் ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கத்து மூலக்கூறு வந்து அமர இடம் போதாது. வரிசை இப்படி இருக்கட்டும்: ஹிஸ்டிடின் வால், எம்.பி.பி., டெவ் புரோட்டியேஸ் என்ற நொதி வெட்டும் இடம், பிறகு ஏ.எஸ்.சி. 1 முதல் 106 வரை. டெவ் வெட்டி எம்.பி.பி. கழன்றால்தான் இழை தொடங்கும். டொமைன் 91 வாக்கில் முடிந்தாலும், இணைப்பில் கொஞ்சம் சேர்ந்திருப்பது, இழை வளர்வதை அளக்க உதவும் ஒளிரும் சாயம் ஒட்ட வசதி.

சாயம் என்றதும் ஒன்று. இந்தப் பி.ஒய்.டி.யில் சிஸ்டீன் ஒன்றுகூட இல்லை. மாலீமைடு சாயம் வாங்கிவைத்துவிட்டு ஒட்டவில்லையே என்று முழிக்காமல், பின்முனையில் ஒரு சிஸ்டீன் அல்லது சார்டேஸ் நொதிக்கான வரிசையை இப்போதே சேர்த்துவிடுங்கள். டிரிப்டோஃபானும் கிடையாது, டைரோசின் மூன்றுதான். எம்.பி.பி. போன பிறகு 280 நானோமீட்டரில் இந்தப் புரதம் கண்ணுக்கே தெரியாது. செறிவை எம்.பி.பி.யோடு இருக்கும்போதே அளந்துவிட வேண்டும். அந்த நிலையில் மி.லி.க்கு 1 மி.கி. என்றால் அளவு ஏறத்தாழ 1.3 காட்டும்.

கூடவே 21ஆவது லைசினை அலனினாக மாற்றிய மாற்றுருவையும் கட்டிவையுங்கள். முதல் வகை இடைமுகம் உடைந்திருக்கும், இழை வராது. இது இல்லாமல் எந்த முடிவையும் நம்ப வேண்டாம்.

படி 2: உற்பத்தி, சுத்திகரிப்பு

பி.எல்.21 (டி.இ.3) செல்கள், 1 லிட்டர் எல்.பி. ஊடகம், 37 டிகிரி. ஓ.டி. (செல் பெருக்கத்தைக் காட்டும் கலங்கல் அளவு) 0.6–0.8 வந்ததும் குடுவையை 18 டிகிரிக்கு இறக்கி, உண்மையிலேயே குளிர்ந்த பிறகு புரத உற்பத்தியைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி.யை 0.3 மில்லிமோலார் அளவில் சேர்த்து இரவு முழுக்க விடுங்கள். ஷேக்கரின் திரையில் 18 என்று வந்துவிட்டாலும் லிட்டர் குடுவை குளிர அரைமணிக்கு மேல் ஆகும். சூட்டோடு தூண்டினால் கரையாத பங்குதான் கூடும்.

செல்களை 20 மில்லிமோலார் டிரிஸ் பி.ஹெச். 8.0, 300 மில்லிமோலார் உப்பு, 20 மில்லிமோலார் இமிடசோல், 5 மில்லிமோலார் மெர்காப்டோஎத்தனால் கொண்ட தாங்கலில் பனிக்கட்டிமேல் வைத்து சோனிக்கேட் செய்யுங்கள். 40,000 ஜி வேகத்தில் 45 நிமிடம் சுழற்சி. மேல் தெளிவை 2 மி.லி. நிக்கல் மணிகளில் ஏற்றி, 40 மி.லி. தாங்கலால் கழுவி, 300 மில்லிமோலார் இமிடசோலால் இறக்குங்கள். உப்பைக் குறைக்காதீர்கள். மேலே சொன்ன மின்னூட்ட முகங்களை மறைத்துவைப்பது அதுதான்.

இனி எல்லாம் புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் சூப்பர்டெக்ஸ் 200 நிரலில். வழக்கமான 24 மி.லி. நிரலில் இரண்டு முகடுகள் வரும். 8 மி.லி. வாக்கில் வருவது கட்டி. 14 மி.லி.யைத் தாண்டி வருவது தனி மூலக்கூறு, அதாவது தனியன், சுமார் 55 கிலோடால்டன். முதல் முகடு சில நேரம் இரண்டாவதைவிட உயரமாக நிற்கும், அதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. முழுதாக விட்டுவிடுங்கள். இரண்டாவது முகட்டிலும் நடுவிலுள்ள இரண்டு மூன்று குழாய்களை மட்டும் எடுங்கள். இரு முகடுகளுக்கும் நடுவே பள்ளம் விழாமல் தோள்போல் ஒரு மேடு தெரிந்தால், அந்தத் தோளில் சின்னச் சின்ன விதைகள் இருக்கின்றன என்று பொருள். விளைச்சல் பாதியானாலும் பரவாயில்லை, தோளை வெட்டிவிடுங்கள். ஒரு நூறு தனியன்களுக்கு நடுவே ஒரு விதை போதும், நாளை நீங்கள் அளக்கும் இழை வளர்ச்சி வளைகோடு பொய் சொல்ல.

சேமிப்பு: 10 சதவீத கிளிசரால், 20 மைக்ரோலிட்டர் பங்குகள், திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து மைனஸ் 80. உருக்கியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். ஒவ்வொரு உறைவும் உருகலும் புது விதைகளை உண்டாக்கும்.

படி 3: இழை கட்டுதல்

காலையில் பங்கை உருக்கியதும் முதல் வேலை, 100,000 ஜி, 4 டிகிரி, 30 நிமிடம். அடியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கடைசி 5 மைக்ரோலிட்டரைத் தொடாதீர்கள். மேல் தெளிவின் செறிவை மறுபடி அளந்து, 5 மைக்ரோமோலாருக்கு வாருங்கள். தாங்கல்: 20 மில்லிமோலார் ஹெப்பஸ் பி.ஹெச். 7.5, 150 மில்லிமோலார் உப்பு, 1 மில்லிமோலார் டி.டி.டி. (டைதயோதிரைட்டால்).

பி.ஒய்.டி.யில் சாயம் ஏற்றியிருந்தால் கறுப்பு 384 குழித் தட்டில் ஃப்ளோரசென்ஸ் போலரைசேஷன், அதாவது சாயம் உமிழும் ஒளியின் முனைவாக்கம், அளக்கலாம். சின்ன மூலக்கூறு கரைசலில் வேகமாகச் சுழலும், போலரைசேஷன் குறைவு. இழையில் மாட்டிக்கொண்டது சுழலாது, போலரைசேஷன் கூடுதல். டெவ் சேர்த்ததும் 30 நொடிக்கு ஒருமுறை, 25 டிகிரியில், இரண்டு மணி நேரம். எம்.பி.பி. கழன்றதும் பி.ஒய்.டி. சிறியதாகிவிடுவதால் கோடு முதலில் சற்று இறங்கிப் பிறகு ஏறலாம். பயப்பட வேண்டாம்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நல்ல ஆய்வகங்களும் விழுந்த குழி. டெவ் மெதுவாக வெட்டும் நொதி. அதைக் கொஞ்சமாகப் போட்டால் உங்கள் வளைகோடு காட்டுவது இழை வளரும் வேகத்தை அல்ல, டெவ் வெட்டும் வேகத்தை. கண்டுபிடிப்பது எளிது. அதே கலவையிலிருந்து 0, 5, 10, 20, 40, 80ஆவது நிமிடத்தில் சிறிது எடுத்து எஸ்.டி.எஸ். சாயத்தில் கொதிக்கவைத்து ஜெல் ஓட்டுங்கள். 55 கிலோடால்டன் பட்டை மறையும் வேகமும் போலரைசேஷன் ஏறும் வேகமும் ஒன்றாகவே இருந்தால், நீங்கள் நொதியைத்தான் அளந்திருக்கிறீர்கள். டெவ்வை இரட்டிப்பாக்குங்கள். வளைகோடு வேகம் கூடினால் இன்னும் அதே கதைதான். டெவ் அளவை மாற்றினாலும் கோடு மாறாத நிலை வரும் வரை போங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டிய குழிகள்: டெவ் இல்லாதது, 21ஆவது லைசின் மாற்றுரு, விதை போட்டது. விதை தயாரிப்பது சுலபம். நேற்றைய இழையைப் பனிக்கட்டிமேல் சில நொடிகள் சோனிக்கேட் செய்து உடைத்து, மோல் கணக்கில் 1 முதல் 5 சதவீதம் சேர்க்க வேண்டும். விதையிட்ட குழியில் தாமதம் குறைந்து கோடு உடனே ஏற வேண்டும். விதையிட்டதும் இடாததும் ஒரே மாதிரி ஏறினால் உங்கள் தனியனில் ஏற்கெனவே விதை இருக்கிறது. படி 2க்குத் திரும்புங்கள். உணரிகளின் விதைத் திறனைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏ.ஐ.எம்.2 அல்லது என்.எல்.ஆர்.பி.3 துண்டை ஏ.எஸ்.சி.யைவிட மிகக் குறைந்த அளவில் போட்டு இதே சோதனையைச் செய்யலாம். உண்மையான விதை என்றால் சொற்ப அளவே போதும்.

டெவ் வேண்டாம் என்பவர்களுக்கு அமில வழி. பி.ஹெச். 4க்குக் கீழே எதிர்மின்னூட்ட முகம் புரோட்டானேறிச் சோர்ந்துவிடும், பி.ஒய்.டி. தனியனாக நிற்கும். அந்த நிலையில்தான் என்.எம்.ஆர். கட்டமைப்பே எடுத்தார்கள். பி.ஹெச்.சை ஏற்றினால் இழை. விரைவான வழிதான், ஆனால் நடுவே கரைசல் வெண்மையாகிப் பாதி வீழ்படிவாவது வழக்கம். நீண்ட, நேரான இழை வேண்டுமென்றால் டெவ்வே மேல்.

படி 4: நெகட்டிவ் ஸ்டெயின்

போலரைசேஷன் ஏறியது என்பதால் இழை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உருவமற்ற கட்டியும் அதே ஏற்றத்தைக் காட்டும். கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குத்தான் நெகட்டிவ் ஸ்டெயின்: கன உலோக உப்பால் பின்னணியைக் கறுப்பாக்கி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது.

கார்பன் பூசிய 400 மெஷ் செம்பு வலையை 15 மில்லியாம்பியரில் 30 நொடி குளோ டிஸ்சார்ஜ் செய்து, 4 மைக்ரோலிட்டர் மாதிரியை வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். வடிதாளின் ஓரத்தால் உறிஞ்சி, ஒரு சொட்டு நீரில் தொட்டெடுத்து, 2 சதவீத யுரேனில் அசிட்டேட்டில் 30 நொடி. மறுபடி உறிஞ்சிக் காற்றில் உலர்த்துங்கள். யுரேனில் நச்சு, லேசான கதிரியக்கமும் உண்டு. கையுறை, தனிக் கழிவுப் புட்டி, சிங்க்கில் ஊற்றக் கூடாது. பாஸ்பேட் தாங்கல் இருந்தால் யுரேனிலோடு சேர்ந்து படிகமாகி வலை முழுக்கக் கருமணல் தூவியதுபோல் ஆகும். ஹெப்பஸ் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

நல்ல வலையில் 9 நானோமீட்டர் அகலத்தில், ஓரங்கள் இணையாக, நூறு நானோமீட்டர் முதல் மைக்ரோமீட்டர் தாண்டிய நீளம் வரை குச்சிகள் தெரியும். பின்னணியில் மணல் மணலாகத் தெரிவது கழன்ற எம்.பி.பி. அதை நீக்க, கலவையை எம்.பி.பி.யைப் பிடித்துக்கொள்ளும் அமைலோஸ் மணிகளோடு மெதுவாக உருட்டி மேல் தெளிவை எடுங்கள். பைப்பெட்டின் நுனியை வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள், குறுகிய நுனியில் இழைகள் உடையும். டெவ் சேர்க்காத மாதிரிக்கும் ஒரு வலை போடுங்கள். பாக்டீரியாவின் பிலி நூல்கள் சுமார் 7 நானோமீட்டர் அகலம். அவசரத்தில் பார்த்தால் நம் இழை போலவே இருக்கும்.

படி 5: கிரையோ, சமச்சீர்

துளையுள்ள கார்பன் வலையில் 3 மைக்ரோலிட்டர், 4 டிகிரி, முழு ஈரப்பதம், 3–4 நொடி உறிஞ்சல், திரவ ஈத்தேன். செறிவை மி.லி.க்கு 0.3, 0.6, 1 மி.கி. என்று மூன்று விதமாகப் போடுங்கள். நெகட்டிவ் ஸ்டெயினில் அழகாக இருந்த செறிவு கிரையோவில் அப்படியே இருப்பதில்லை. இழைகளை உறைபெட்டியில் வைத்து உருக்கிப் பயன்படுத்த வேண்டாம், கட்டிய நாளிலேயே வலையில் ஏற்றுங்கள்.

ரிலயான் என்ற படப் பகுப்பு மென்பொருளில் இழைகளைத் துண்டாக்கும்போது பெட்டி 300 ஆங்ஸ்ட்ரம், குழல் விட்டம் 110, பெட்டிகளுக்கிடையே நகர்வு 28 ஆங்ஸ்ட்ரம், அதாவது இரண்டு மட்டங்கள். தொடக்க உருவாக வெறும் உருளை போதும்.

அடுத்ததுதான் சிக்கல். தேடல் எல்லையாக ஏற்றம் 13–15, திருப்பம் 48–58, சி3 (அச்சைச் சுற்றி மூன்று மடங்குச் சமச்சீர்) என்று கொடுத்தால் மென்பொருள் பணிவாக அதற்குள் ஒரு விடையைத் தரும். தவறான சமச்சீரைக் கொடுத்தாலும் இதே பணிவோடு விடை தரும், நுணுக்கத்தைச் சொல்லும் எஃப்.எஸ்.சி. எண்ணும் அழகாகவே வரும். வைரஸ் எதிர்ப்பில் வரும் எம்.ஏ.வி.எஸ். புரதத்தின் கார்ட் இழை இதற்கு நல்ல பாடம். 2014இல் ஒரு குழு 9.6 ஆங்ஸ்ட்ரத்தில் அதை சி3 கொண்ட முப்புரி என்று வெளியிட்டது. அதே ஆண்டு வேறொரு குழு 3.6 ஆங்ஸ்ட்ரத்தில் பார்த்தபோது அது ஒற்றைப் புரி, இடக்கைத் திருகு, ஒரு மூலக்கூறுக்கு 101.1 டிகிரி, 5.13 ஆங்ஸ்ட்ரம் என்று தெரிந்தது. திருகு அமைப்புகளை ஆராயும் எட்வர்ட் எகல்மன் முதல் குழுவின் தரவையே மறுபடி ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். முதல் குழுவும் பின்னர் திருத்திக்கொண்டது.

ஏன் ஏமாந்தார்கள் என்பதைத் தாளில் போட்டுப் பாருங்கள். இடக்கையில் 101.1 டிகிரியை மூன்று முறை வைத்தால் 303.3. அது வலக்கையில் 56.7க்குச் சமம். ஏற்றம் மூன்று மடங்காகி 15.4. ஏ.எஸ்.சி.யின் 53, 14க்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது பாருங்கள்! இரண்டிலும் தூரத்திலிருந்து மூன்று புரிகள்தான் தெரியும். வித்தியாசம் ஒன்றே: ஏ.எஸ்.சி.யில் மூன்று புரிகளும் ஒரே மட்டத்தில், எம்.ஏ.வி.எஸ்.இல் ஒன்றுக்கொன்று 5 ஆங்ஸ்ட்ரம் மாடிப்படி. அந்தப் படியை 9.6 ஆங்ஸ்ட்ரம் வரைபடம் காட்டவே முடியாது.

ஆகவே தேடலுக்கு முன் 2டி வகுப்புகளின் (ஒரே மாதிரித் துண்டுகளைச் சராசரியாக்கிய படங்களின்) பவர் ஸ்பெக்ட்ரத்தை, அதாவது திரும்பத் திரும்ப வரும் இடைவெளிகளைக் காட்டும் படத்தை, திறந்து, நடுக்கோட்டின்மேல் விழும் முதல் பிரகாசமான கோட்டைத் தேடுங்கள். 14 ஆங்ஸ்ட்ரத்தில் ஒன்றில் (1/14) விழுந்தால் மட்டத்துக்கு மூன்று என்ற கட்டமைப்பு. அதற்கு முன் 32இல் ஒன்றருகே நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரு ஜோடி தெரிய வேண்டும், அது புரிகளுக்கிடையேயான இடைவெளி. 14இல் நடுவில் ஒன்றுமில்லாமல் 5.1 பக்கம் வந்தால் ஒற்றைப் புரி. அவ்வளவு தூரம் உங்கள் தரவு எட்டவில்லையென்றால், சமச்சீரைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.

வரைபடம் கிடைத்ததும் ஆல்ஃபா சுருள்கள் எந்தப் பக்கம் திருகுகின்றன என்று பாருங்கள். 4.5 ஆங்ஸ்ட்ரத்துக்கு மேம்பட்ட வரைபடத்தில் அது தெரியும். இடக்கையாகத் தெரிந்தால் வரைபடத்தைக் கண்ணாடிப் பிம்பமாகப் புரட்டி, திருப்பத்தின் குறியையும் மாற்ற வேண்டும். 4 ஆங்ஸ்ட்ரம் என்று எண் வந்தும் 59ஆவது ஃபீனைலலனின், 60ஆவது டைரோசின் போன்ற பருத்த பக்கச் சங்கிலிகள் தெரியவில்லையா? எண்ணை நம்பாதீர்கள். அடுத்த சமச்சீரைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்கள்.